எட்ரிக் ஸ்ட்ரியோனா துரோகியான்னு கேக்குறதுக்கு முன்னாடி: ஒரு ஆங்கிலோ-சாக்சன் பிரபு என்ன தான் செஞ்சான்னு படிப்படியா தேடி எடுக்கிறது எப்படி

இந்த வேலைய நான் ரெண்டு தடவை முழுசா செஞ்சிருக்கேன், முதல் தடவை தப்பான வரிசையில செஞ்சு மூணு மாசத்த வீணாக்குனேன். அப்புறம் எங்க சின்ன வாசிப்பு குழுவுல புதுசா வந்தவங்க செய்யறப்ப பக்கத்துல உக்காந்து பாத்தேன், எல்லாரும் ஒரே எடத்துல தான் வழுக்குறாங்க. முதல் நாளே ஆங்கிலோ-சாக்சன் குரோனிக்கிள, அதாவது பழைய இங்கிலாந்து நடப்ப வருஷ வாரியா எழுதி வச்ச பதிவ, படிச்சிடுறாங்க, அதுல எட்ரிக்க வாய்க்கு வாய் துரோகின்னு திட்டியிருக்கு, அப்புறம் எந்த ஆவணத்த எடுத்தாலும் அதுல துரோகம் மட்டும் தான் கண்ணுக்கு தெரியுது.

ஆள் யாருன்னு தெரியாதவங்களுக்கு மட்டும் ஒரு வரி. எட்ரிக் 1007-ல இங்கிலாந்தோட நடுப்பகுதியான மெர்சியாவுக்கு எல்டர்மன் ஆனவன், அதாவது ராஜாவுக்கு கீழ பல ஜில்லாவ சேத்து ஆளுற பிரபு; எதெல்ரெட், அவர் மகன் எட்மண்ட், டென்மார்க்ல இருந்து படையெடுத்து வந்த க்னூட்னு மூணு ராஜாவ பாத்துட்டு 1017-ல க்னூட் உத்தரவுல செத்தவன். இவன வச்சே எல்லா படியையும் காட்டுறேன், முறை மத்த பிரபுக்களுக்கும் அப்படியே பொருந்தும்.

1. உக்கார்றதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

குரோனிக்கிளோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு ஒண்ணு வேணும், ஆனா கையெழுத்துப் பிரதி வாரியா பிரிச்சு காட்டுற பதிப்பா இருக்கணும். ஏன்னா குரோனிக்கிள்ங்கறது ஒரே புஸ்தகம் இல்ல, ஏ, பி, சின்னு எழுத்து குடுத்திருக்கிற பல பிரதிங்க. எல்லாத்தையும் கலந்து ஒரே கதையா குடுக்குற பதிப்ப வாங்கினா யார் எத சொன்னாங்கன்னே தெரியாது, பாதி வேலை அங்கயே செத்துடும்.

ரெண்டாவது, எலக்ட்ரானிக் சாயர்னு ஒரு இணைய பட்டியல். ஆங்கிலோ-சாக்சன் சாசனங்கள் எல்லாத்துக்கும் நம்பர் போட்டு வச்சிருக்காங்க, எஸ்-னு ஆரம்பிக்கிற நம்பர், நம்ம ஊர்ல சர்வே நம்பர் மாதிரி அத சொன்னாலே எந்த பத்திரம்னு புரிஞ்சிடும். மூணாவது பேஸ் (PASE)-னு ஒரு ஆள் பட்டியல், அந்த காலத்து ஆவணங்கள்ல வர்ற மனுஷங்கள பேர் வாரியா தொகுத்தது. ரெண்டும் இலவசம் தான்.

அதுக்கு மேல ஒரு ஸ்ப்ரெட்ஷீட், ஷயர், அதாவது அந்த ஊர் ஜில்லா, எல்லை தெரியுற ஒரு மேப். லத்தீன் தெரியலன்னா பயப்பட வேணாம், மொத வேலைக்கு ஏழெட்டு வார்த்தை போதும்: டக்ஸ்னா எல்டர்மன், மினிஸ்டெர்னா தெயின் அதாவது ராஜாகிட்ட சேவகம் பண்ற நிலக்காரன், ரெக்ஸ் ராஜா, எபிஸ்கோபஸ் பிஷப், அப்பாஸ் மடாதிபதி. மினிஸ்டெர்ன உடனே மந்திரின்னு நெனச்சு எழுதினவங்கள நான் பாத்திருக்கேன். தெயின் மந்திரி இல்ல.

2. கேள்விய சின்னதாக்கு

"எட்ரிக் நல்லவனா கெட்டவனா" ங்கற கேள்வியோட ஆரம்பிக்காதீங்க, அதுக்கு ஆவணத்துல பதில் கெடையாது. அதுக்கு பதிலா மூணு கேள்வி எழுதி ஸ்ப்ரெட்ஷீட்டோட தலையில ஒட்டிக்கோங்க: எந்த வருஷம் இவன் ராஜாவுக்கு எவ்ளோ கிட்ட இருந்தான், இவன் கை வச்ச ஒவ்வொரு காரியத்துலயும் லாபம் யாருக்கு போச்சு, அதே காரியத்த வேற யாரெல்லாம் செஞ்சாங்க.

கால எல்லையும் போடணும். எட்ரிக்குக்கு 1006-ல இருந்து 1017 வரைக்கும் போதும். 1006 எதுக்குன்னா அந்த வருஷம் அரண்மனையில பெரிய களையெடுப்பு நடந்துச்சு: எல்டர்மன் எல்ஃப்ஹெல்ம் கொல்லப்பட்டான், வுல்ஃப்ஹேயா, யூஃபகேட்னு ரெண்டு பேரோட கண்ண புடுங்கினாங்க, வுல்ஃப்கேட்ங்கறவன் சொத்து பறிபோச்சு. அடுத்த வருஷமே எட்ரிக்குக்கு பதவி. 1007-ல ஆரம்பிச்சா அந்த காலி நாற்காலி எப்படி காலியாச்சுங்கறதே தெரியாம போயிடும்.

3. ஒரே பேர்ல எத்தனை பேருன்னு மொதல்ல பிரி

இந்த படிய தாண்டி ஓடுறவங்க தான் அதிகம். எட்ரிக்ங்கறது அந்த காலத்துல தெருவுக்கு நாலு பேர் வச்சிருந்த பேரு. எழுத்துக்கூட்டலும் பல மாதிரி, பேர ஈ-ஏ-ல ஆரம்பிச்சும் தேடணும், வெறும் ஈ-ல ஆரம்பிச்சும் தேடணும், ஏ-யும் ஈ-யும் ஒட்டின அந்த பழைய எழுத்த போட்டும் தேடணும். ஒண்ணு மட்டும் போட்டுட்டு "ஒண்ணும் இல்லியே"ன்னு மூடிட்டு போயிடாதீங்க.

நான் மொத தடவை பண்ண கூத்த சொல்றேன். நார்மன்காரங்கள எதுத்து 1067-ல கலகம் பண்ண எட்ரிக்னு ஒருத்தன் இருக்கான், காட்டு எட்ரிக்னு பட்டப்பேரு. அவனோட ரெண்டு நிலத்த நம்ம ஆளோட கணக்குல எழுதி வச்சு, 1017-ல செத்தவனுக்கு 1066-ல பண்ணை இருக்கிற மாதிரி ஒரு அட்டவணை போட்டு, அத ஒரு மாசம் கழிச்சு தான் கவனிச்சேன். டூம்ஸ்டே கணக்கெடுப்பு 1086-ல நடந்தது, அதுல வர்ற எட்ரிக் எவனும் நம்ம எட்ரிக் இல்ல. அந்த பக்கமே போகாதீங்க.

அதனால ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு கட்டம் வைங்க: "இவன் தான் அவன்னு எத வச்சு சொல்ற?" டக்ஸ்ங்கற பதவி பேரோட இருந்தா உறுதின்னு போடலாம், 1007-க்கு அப்புறம் எட்ரிக் டக்ஸ் ஒருத்தன் தான். வெறும் எட்ரிக் மினிஸ்டெர்னு 1007-க்கு முன்னாடி வந்தா "இருக்கலாம்"னு மட்டும் போடுங்க. எட்ரிக்கோட அண்ணன் தம்பி பேரெல்லாம் வுஸ்டர் மடத்து துறவி ஜான் ஒரு நூறு வருஷம் கழிச்சு வரிசையா எழுதி வச்சிருக்காரு, அதே பேருங்க ஒரு சாட்சி பட்டியல்ல பக்கத்து பக்கத்துல வந்தா குடும்பமே சேந்து நிக்குதுன்னு தோணும், தோணட்டும், "இருக்கலாம்" கட்டத்த தாண்ட விடாதீங்க.

4. சாட்சி பட்டியல்: வேலையோட உயிரே இங்க தான்

ராஜா யாருக்காவது நிலம் குடுத்தா சாசனத்தோட அடியில சாட்சி பேர் வரிசையா வரும். மொதல்ல ராஜா, அப்புறம் ஆர்ச்பிஷப், ராணி, இளவரசனுங்க, பிஷப்புங்க, மடாதிபதிங்க, எல்டர்மன்ங்க, கடைசியா தெயின்ங்க, ஏறத்தாழ இந்த வரிசை தான். நம்ம ஊர் கல்யாண பத்திரிகையில யார் பேர் யாருக்கு மேல போட்டிருக்குன்னு பாத்து சண்டை வருமே, அதே அரசியல் தான் இங்கயும். குரோனிக்கிள் எழுதினவனுக்கு எட்ரிக் மேல கோவம், சாசனம் எழுதின குமாஸ்தாவுக்கு அந்த கோவம் கெடையாது, அன்னைக்கு யார் எங்க நிக்கணுமோ அங்க எழுதிட்டு போயிட்டான். அதனால தான் இத குரோனிக்கிளுக்கு முன்னாடி பாக்க சொல்றேன்.

செய்முறை இது. 1006-ல இருந்து 1016 வரைக்கும் எதெல்ரெட் பேர்ல இருக்கிற சாசனத்த வருஷ வாரியா எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி: வருஷம், எஸ் நம்பர், எல்டர்மன்ங்கள்ல எட்ரிக் எத்தனாவது, அவனுக்கு நேர் மேல யாரு, நேர் கீழ யாரு, இப்ப கையில இருக்கிறது அசலா இல்ல பின்னாடி எழுதின நகலா, ஆராய்ச்சியாளருங்க இத நம்புறாங்களா இல்ல போலின்னு சொல்றாங்களா. கடைசி ரெண்டு கட்டத்த காலியா விடக்கூடாது, ஏன்னா மடங்கள் தங்க நிலத்த காப்பாத்திக்க போலி பத்திரம் தயார் பண்ணிருக்காங்க, அதுலயும் பழைய சாட்சி பட்டியல எங்கிருந்தாவது தூக்கி ஒட்டிருப்பாங்க.

இத செஞ்சு முடிச்சா என்ன கெடைக்கும்னு காட்டுறேன். பதவிக்கு வந்த புதுசுல எட்ரிக் எல்டர்மன் வரிசையில மேல இல்ல, எல்ஃப்ரிக் தான் முன்னால. எல்ஃப்ரிக் ஹாம்ப்ஷயர் பக்கத்து ஆளு, 982-லயே எல்டர்மன் ஆனவன். லியோஃப்வின் 994-ல இருந்து எல்டர்மன். சீனியாரிட்டிப்படி எட்ரிக் இவங்களுக்கு அப்புறம் தான் வரணும், ஆரம்பத்துல அப்படி தான் வர்றான். 1012-க்கு வந்தா வரிசை மாறி எட்ரிக் மொத ஆளா நிக்கிறான், எல்ஃப்ரிக் உயிரோட இருக்கும்போதே, முப்பது வருஷ சீனியர தாண்டி. இந்த ஒரு தகவலுக்காகவே அந்த அட்டவணை போடலாம், ஏன்னா இந்த ஏத்தத்த குரோனிக்கிள் எங்கயும் விளக்கல.

புதுசா வர்றவங்க இங்க பண்ற தப்பு மூணு. ஒண்ணு, ஒரே ஒரு சாசனத்த வச்சு "பதவி எறங்கிடுச்சு"ன்னு முடிவு கட்டுறது. ஒரு பட்டியல்ல பேர் இல்லன்னா அன்னைக்கு அவன் வரல, இல்ல நகல் எடுத்தவன் கை வலிச்சு பாதியில நிறுத்திட்டான், அவ்ளோ தான். ரெண்டு, அசல்ல பேருங்க பத்தி பத்தியா மேல இருந்து கீழ எழுதிருக்கும், பின்னாடி நகல் எடுத்தவன் இடமிருந்து வலமா படிச்சு எழுதிருப்பான், வரிசை மொத்தமா கலைஞ்சிடும், ஒரு தெயின் நடுவுல திடீர்னு எல்டர்மன் வந்தா உஷாராகுங்க. மூணு, வருஷத்துக்கு ஒரு சாசனம் வச்சு கோடு போட்டு கிராஃப் வரையிறது. பாக்க அழகா தான் இருக்கும். இவ்ளோ கொஞ்ச டேட்டாவுக்கு கிராஃப் பொய் சொல்லும், வரிசையா எழுதி வச்சா போதும்.

5. உயில் படிங்க, அப்ப தான் யாருக்கு யார் சொந்தம்னு தெரியும்

எட்ரிக்கோட உயில் எதுவும் இல்ல. அவன் எதிரிங்களோட சொந்தக்காரங்க உயில் இருக்கு, அது இன்னும் பிரயோஜனம்.

எஸ் 1536-ங்கறது வுல்ஃப்ரிக் ஸ்பாட்ங்கற பெரிய நிலக்காரனோட உயில், 1002-ல இருந்து 1004-க்குள்ள. அதுல சகோதரன் எல்ஃப்ஹெல்முக்கும் வுல்ஃப்ஹேயாவுக்கும் நிலம் எழுதுறான், மோர்கார்னு ஒருத்தனுக்கு டெர்பிஷயர் பக்கம் நிறைய ஊர எழுதுறான். எல்ஃப்ஹெல்ம், வுல்ஃப்ஹேயா இந்த பேர எங்க பாத்தோம்? 1006 களையெடுப்புல. மோர்கார்? 1015-ல ஆக்ஸ்ஃபோர்டு கொலையில வரப்போறான். ஆக ஒம்போது வருஷ இடைவெளியில அடி வாங்கினது ஒரே குடும்ப வளையம். குரோனிக்கிள் இத ரெண்டு தனி சம்பவமா தான் சொல்லும், உயில் தான் நடுவுல இருக்கிற கயித்த காட்டுது.

அடுத்து எஸ் 1503, எதெல்ரெட்டோட மூத்த மகன் ஆதெல்ஸ்டன் 1014 ஜூன்ல சாகுறப்ப எழுதின உயில். தம்பி எட்மண்டுக்கு ஓஃபா ராஜா வச்சிருந்த வாளு. சிகஃபெர்த்ங்கறவனுக்கு ஹாக்லிஃப் நிலமும் ஒரு வாளும் ஒரு குதிரையும் ஒரு வளைஞ்ச கேடயமும். அப்பாவுக்கு குடுக்கிற சாமான்ல "மோர்கார்கிட்ட இருக்கிற கவசம்"னு ஒண்ணு வருது. இத ரெண்டு தடவை படிங்க. இளவரசனோட கவசம் மோர்கார் வீட்டுல கெடக்குற அளவுக்கு பழக்கம். ஆதெல்ஸ்டன், எட்மண்ட், சிகஃபெர்த், மோர்கார் எல்லாம் ஒரு பக்கம் நிக்கிறாங்கன்னு எட்ரிக் பேர் வராத ஒரு ஆவணத்துல இருந்தே தெரிஞ்சிடுச்சு.

ஒரு காகிதத்துல இந்த சொந்தத்த மரமா வரைஞ்சுக்கோங்க. எல்ஃப்ஹெல்மோட மக நார்தாம்ப்டன் எல்ஃப்கிஃபு தான் க்னூட்டோட மொத சம்சாரம், அதையும் போடுங்க. ஜான் சொல்றபடி எட்ரிக் கட்டினது எதெல்ரெட்டோட மக எட்கித்த, அதையும் போட்டு பக்கத்துல "ஜான் மட்டும்"னு எழுதுங்க.

6. இப்ப குரோனிக்கிள திறங்க, ரெண்டு கட்டமா பிரிச்சு எழுதுங்க

சி, டி, இ பிரதிங்கள்ல எதெல்ரெட் காலத்து பதிவு பெரும்பாலும் ஒரே ஆள் எழுதினது, அதுவும் எல்லாம் முடிஞ்சு க்னூட் ஜெயிச்சதுக்கு அப்புறம் உக்காந்து பின்னோக்கி எழுதினது. வருஷ வாரியா இருக்கிறதால அந்தந்த வருஷமே எழுதின டைரி மாதிரி தெரியும், அந்த ஏமாத்துல தான் எல்லாரும் விழுறாங்க. 1009-ல என்ன நடந்துச்சுன்னு எழுதுறப்பவே அவனுக்கு 1016 முடிவு தெரியும்.

அதனால எட்ரிக் வர்ற ஒவ்வொரு வாக்கியத்தையும் வெட்டி ரெண்டு கட்டத்துல போடுங்க. ஒண்ணு "நடந்தது", இன்னொண்ணு "எழுதினவன் வயித்தெரிச்சல்".

1009-அ எடுத்துப்போம். தோர்கெல்ங்கற டேன் தளபதியோட படை கப்பலுக்கு திரும்புற வழிய ராஜா மறிச்சு நின்னாரு, ஜனங்க தாக்க தயாரா இருந்தாங்க, ஆனா எப்பவும் போல எட்ரிக் எல்டர்மன்னால அது தடைபட்டுச்சு. இதுல நடந்தது கட்டத்துல போறது: சண்டை நடக்கல, எட்ரிக் அதுக்கு காரணம்னு எழுதினவன் சொல்றான். "எப்பவும் போல"ங்கறது மொத்தமா ரெண்டாவது கட்டம். எப்படி தடுத்தான்? ஆலோசனை சொன்னானா, படைய நகத்தலியா, பேரம் பேச சொன்னானா? ஒண்ணும் இல்ல. அத நீங்க நிரப்பக்கூடாது.

அடுத்தது 1015, இத மெதுவா பண்ணுங்க. ஆக்ஸ்ஃபோர்டுல பெரிய சபை கூடுது. ஏழு நகரங்களோட முக்கிய தெயின்ங்க சிகஃபெர்த்தையும் மோர்காரையும் எட்ரிக் வஞ்சகமா தன் அறைக்குள்ள கூட்டிட்டு போறான், உள்ள வச்சு அவங்க கேவலமா கொல்லப்படுறாங்க. அடுத்த வாக்கியம்: ராஜா அவங்க சொத்த மொத்தமா எடுத்துக்கிட்டாரு, சிகஃபெர்த் பொண்டாட்டிய மாம்ஸ்பரிக்கு கொண்டுபோய் வைக்க சொன்னாரு. பாருங்க, கூட்டிட்டு போனவன் பேர் இருக்கு, கத்திய எடுத்தவன் பேர் இல்ல, சொத்து போன எடம் ராஜாவோட கை. ஆத்திரத்துல படிக்கிறப்ப கண்ணு மொத வாக்கியத்துலயே நின்னுடும், லாபம் யாருக்குன்னு கேக்குற பழக்கம் இருந்தா ரெண்டாவது வாக்கியம் வரைக்கும் போவீங்க. நாலாவது அஞ்சாவது படியில செஞ்ச அட்டவணை இப்ப தான் பேசுது: ராஜாவுக்கு கிட்ட நிக்கிற மொத எல்டர்மன், இளவரசனுங்க பக்கம் இருந்த ரெண்டு பேர, ராஜா லாபம் பாக்குற மாதிரி, ராஜா கூட்டின சபையில முடிச்சிருக்கான். என் கணிப்புல எட்ரிக் அந்த அறையில ராஜாவோட ஆளா தான் இருந்தான், தனக்குன்னு பகையும் இருந்திருக்கலாம்.

இதே படியில இன்னும் ரெண்டு விஷயம். பிரதிக்கு பிரதி ஒத்து பாருங்க: 1016-ல வடக்க நார்தம்பிரியாவ ஆண்ட உட்ரெட் கொல்லப்பட்டது எட்ரிக்கோட ஆலோசனையாலன்னு சி பிரதியில இருக்கு, இ பிரதியில அந்த வார்த்தைங்க இல்ல. வடக்கத்தி கதை ஒண்ணு கொன்னவன் தர்பிராண்ட்னு சொல்லுது. ஒரே பிரதி மட்டும் படிச்சவன் இத உறுதியான குற்றமா எழுதிடுவான்.

பேர் வராத வருஷத்தையும் குறிங்க. 1013-ல டேன் ராஜா ஸ்வெயின் வந்து வடக்கு மொத்தமும் அவர்கிட்ட சரண்டர் ஆகுது, எதெல்ரெட் நார்மண்டிக்கு ஓடுறாரு, அவ்ளோ பெரிய கலவர வருஷத்து பதிவுல எட்ரிக் பேரே இல்ல. "அப்ப கூட இருந்து துரோகம் பண்ணிருப்பான்"னு ஒருத்தர் எழுதி கொண்டு வந்தாரு. எழுதினவன் எட்ரிக்க திட்ட சான்ஸ் கெடைச்சா விடுறவனே இல்ல, அவனே சும்மா இருக்கான், நாம ஏன் பொங்கணும்?

தேதி விஷயத்துல ஒரு எச்சரிக்கை. வருஷ எண்ண அப்படியே நம்ம காலண்டர்ல ஒட்டாதீங்க. 1016 பதிவோட ஆரம்பத்துல க்னூட்டும் எட்ரிக்கும் கிரிக்லேடுல தேம்ஸ தாண்டி வார்விக்ஷயர கொள்ளையடிக்கிறது கிறிஸ்துமஸ் காலத்துல, அப்ப நம்ம கணக்குல அது டிசம்பர் 1015-ஓட கடைசியில ஆரம்பிச்சிருக்கலாம்.

7. மேப்ப விரிங்க

சும்மா படிச்சா புரியாதது மேப்புல ரெண்டு நிமிஷத்துல புரியும். உதாரணத்துக்கு, 1016 ஆரம்பத்துல எட்மண்டும் உட்ரெட்டும் சேந்து க்னூட்ட தாக்குவாங்கன்னு எதிர்பாத்தா, அவங்க ஸ்டாஃபர்ட்ஷயர், ஷ்ராப்ஷயர், செஸ்டர் பக்கம் போய் சூறையாடுறாங்க. இங்கிலீஷ்காரன் இங்கிலீஷ்காரன் ஊர ஏன் கொளுத்துறான்னு எல்லாரும் குழம்புவாங்க. அந்த மூணு எடத்தையும் கலர் அடிச்சு பாருங்க, எல்லாம் எட்ரிக்கோட மெர்சியா, அவன் காலடி. அது டேன்காரனுக்கு எதிரான சண்டையோட சேத்து எட்ரிக்குக்கு எதிரான உள்நாட்டு சண்டையும் தான்.

அதே மாதிரி 1016 அக்டோபர்ல எட்மண்டும் க்னூட்டும் மோதின அசண்டூன் சண்டையில எட்ரிக்கோட சேந்து ஓடினவங்க மகோன்சேட்டே, அதாவது ஹெர்ஃபர்ட்ஷயர், தெற்கு ஷ்ராப்ஷயர் பக்கத்து ஜனம். சண்டை நடந்தது எசெக்ஸ்ல, நாட்டோட அந்தக் கோடி. ஊர விட்டு அவ்ளோ தூரம் வந்து, போன குளிர்காலம் தன் ஊர கொளுத்தின அதே எட்மண்டுக்காக சாகணுமான்னு அவங்களுக்கு தோணிருக்குமான்னு எனக்கு ஒரு சந்தேகம், இது என் ஊகம், ஊகம்னு போட்டு தான் எழுதணும்.

8. ஒவ்வொரு கட்சி தாவலையும் தனி தாள்ல போடுங்க

எல்லாத்தையும் சேத்து "நாலு தடவை மாறினான்"னு எழுதினா ஒண்ணும் வெளங்காது. தாவல் ஒண்ணுக்கு ஒரு தாள், ஒவ்வொண்ணுலயும் இதே கேள்வி: அந்த வாரம் ஜெயிச்சிட்டிருந்தது யாரு, அடுத்த ராஜா யாரா வருவான்னு தெரிஞ்சுது, அப்படி வந்தா இவன் கதி என்ன, கூட வேற யார் மாறினாங்க.

1015 தாவல போட்டு காட்டுறேன். கொலை முடிஞ்சதும் எட்மண்ட் அப்பா பேச்ச மீறி சிகஃபெர்த்தோட விதவைய கல்யாணம் பண்ணிட்டு, செப்டம்பர் 8-க்கு முன்னாடியே வடக்க போய் செத்தவங்க சொத்தையும் ஜனத்தையும் தன் கைக்குள்ள கொண்டு வந்துட்டான். எதெல்ரெட் கோஷம்ல நோயில படுத்துட்டாரு. க்னூட் டார்செட், வில்ட்ஷயர், சாமர்செட்டுன்னு சூறையாடிட்டு இருக்கான். எட்ரிக் எடத்துல நில்லுங்க: கெழவர் செத்தா அடுத்த ராஜா, நீங்க கொலைக்கு கூட்டிட்டு போனவனோட பொண்டாட்டிய கட்டினவன். அப்ப தான் எட்ரிக் 40 கப்பல இழுத்துக்கிட்டு க்னூட்கிட்ட போறான். அடுத்த வாக்கியத்த யாரும் படிக்கிறதில்ல, அது என்னன்னா வெஸ்ட் சாக்சன்காரங்களும் சரண்டர் ஆகி, பணயக்கைதி குடுத்து, படைக்கு குதிரையும் குடுத்தாங்க. ராஜாவோட சொந்த மண்ணே மாறிடுச்சு, அத யாரும் துரோகம்னு திட்டல. நம்ம மூணாவது கேள்விக்கு பதில் இங்க தான் இருக்கு.

இப்படியே 1016 அய்ல்ஸ்ஃபோர்ட தனி தாள்ல போடுங்க. எட்மண்ட் லண்டன் முற்றுகைய உடைச்சு, டேன் படைய ஷெப்பி தீவுக்கு துரத்திட்டு வர்றான், ஜெயிக்கிற பக்கம், எட்ரிக் திரும்பி வர்றான். இத விட முட்டாள்தனமான முடிவு எப்பவும் எடுத்ததில்லன்னு குரோனிக்கிள் பொருமுது. அந்த முடிவு எட்மண்டோடது, அதையும் எழுதுங்க. மெர்சியா படை வேணும்னா எட்ரிக்க சேத்து தான் ஆகணும்.

1016 அக்டோபர் 18, அசண்டூன். எட்ரிக் மொத ஆளா ஓடினான்னு சொல்லுது, சரி. ஆனா அதே குரோனிக்கிள் சில வரி தள்ளி, எட்ரிக்கும் அங்க இருந்த பெரியவங்களும் ரெண்டு ராஜாவும் சமாதானம் ஆகணும்னு ஆலோசனை சொன்னதா எழுதுது, அதுப்படி டியர்ஹர்ஸ்ட் பக்கம் ஆல்னியில சந்திப்பு நடக்குது. பட்டப்பகல்ல எல்லாரும் பாக்க துரோகம் பண்ணவன் பேச்ச எட்மண்ட் எதுக்கு கேட்டான்? இதுக்கு சுலபமான பதில் எங்கிட்ட இல்ல, அந்த தாள்ல ஒரு பெரிய கேள்விக்குறி தான் இருக்கு, உங்க தாள்லயும் இருக்கட்டும்.

9. பிற்காலத்து கதைங்கள கடைசியா தொடுங்க, வயசு வாரியா அடுக்குங்க

இந்த கதைங்க தான் சுவையானது, அதனால தான் ஆபத்து. எட்ரிக் சாவ எடுத்து வயசு வரிசையில வைங்க. குரோனிக்கிள்ல மூல பதிவு: 1017-ல கொல்லப்பட்டான், அவ்ளோ தான். க்னூட்டோட ராணி எம்மாவுக்காக 1040-கள் ஆரம்பத்துல எழுதினதுல: இவனுக்கு குடுக்க வேண்டியத குடுன்னு க்னூட் தன் தளபதி எரிக்க பாத்து சொல்றான், எரிக் கோடாலியால தலைய வெட்டுறான். கேண்டர்பரியில 1100 வாக்குல எழுதின எஃப் பிரதியில: லண்டன்ல, ரொம்ப நியாயமா. ஜான்கிட்ட: கிறிஸ்துமஸ் அன்னைக்கு, பொணத்த மதில் மேல இருந்து வீசி பொதைக்காம விட்டாங்க. 12-ம் நூற்றாண்டுல வரலாறு எழுதின ஹண்டிங்டன் ஹென்றிகிட்ட வந்தா: தலைய லண்டன்ல உயரமான கோபுரத்துல வச்சாங்க. வருஷம் ஆக ஆக சாவு பெருசாகிட்டே போகுது, நம்ம கிராமத்து கதை மாதிரியே.

இன்னொரு சோதனை, ஒரே கதை எடம் மாறுதான்னு பாருங்க. "எட்மண்ட் செத்துட்டான், ஓடுங்க"ன்னு எட்ரிக் கத்தி படைய கலைச்ச கதை ஜான்கிட்ட ஷெர்ஸ்டன் சண்டையில வருது, எட்மண்ட் ஜாடையில இருந்த ஒருத்தன் தலைய தூக்கி காட்டிக்கிட்டு. ஹென்றிகிட்ட அதே கூச்சல் அசண்டூனுக்கு வந்துடுது. ஒரு கதை ரெண்டு போர்க்களத்துக்கு நடந்து போகுதுன்னா ரெண்டுலயும் ஆதாரமா வைக்காதீங்க.

அதுக்காக பின்னாடி வந்ததெல்லாம் குப்பைன்னும் தள்ளக்கூடாது. வுஸ்டர் மடத்து ஹெமிங் 11-ம் நூற்றாண்டு கடைசியில எழுதினதுல, எட்ரிக் குட்டி ராஜா மாதிரி ஷயரோட ஷயர சேத்தான், வின்ச்கம்ப்ஷயர க்ளாஸ்டர்ஷயரோட இணைச்சான்னு சொல்றாரு. மடத்துக்கு அவன் மேல நில தகராறு உண்டு, ஸ்ட்ரியோனாங்கற பட்டப்பேருக்கு சொத்து சேக்குறவன்னு அர்த்தம் சொல்றதும் அவரு தான், அதனால திட்டுறத கழிச்சுடுங்க. ஆனா ஷயர் எல்லை மாறினதுங்கறது ஒரு பொய்யால லாபம் கெடைக்கிற விஷயம் இல்ல, அத வச்சுக்கலாம். அதே மாதிரி 1012-ல செயின்ட் டேவிட்ஸ் சூறையாடப்பட்டத சொல்ற வேல்ஸ் ஆண்டு குறிப்புல எட்ரிஸ்னு ஒரு சாக்சன் பேர் வருது, அது நம்ம ஆளுன்னா, வெளிநாட்டுக்காரன் கண்ணுல அவன் மேற்கு எல்லைய பாத்துக்கிட்ட தளபதி.

10. எழுதுறப்ப

வருஷ வாரியா எழுதுங்க, குணத்துல ஆரம்பிக்காதீங்க. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னாடி எந்த கட்டத்துல இருந்து வந்துச்சுன்னு பென்சில்ல குறிங்க: சாசனம், உயில், குரோனிக்கிள் நடந்தது, குரோனிக்கிள் வயித்தெரிச்சல், பிற்கால கதை, என் ஊகம். எழுதி முடிச்சதும் கடைசி மூணு வகைய மட்டும் அடிச்சுட்டு மிச்சத்த படிச்சு பாருங்க, கதை நிக்குதான்னு தெரியும். எனக்கு மொத தடவை பாதி பக்கம் தான் மிச்சம் இருந்துச்சு.

1017-ல வர்ற நால்வர் பங்கீட்ட மறக்காம போடுங்க: வெசெக்ஸ் க்னூட்டுக்கு, ஈஸ்ட் ஆங்லியா தோர்கெலுக்கு, நார்தம்பிரியா எரிக்குக்கு, மெர்சியா எட்ரிக்குக்கே. க்னூட்டும் மொதல்ல அவன நகத்தல. அதே வருஷம் கொன்னப்ப லியோஃப்வினோட மகன் நார்த்மேன், எதெல்வேர்ட், பிரைட்ரிக்னு இன்னும் மூணு பெரிய வீட்டு ஆளுங்க சேந்து சாகுறாங்க. எட்ரிக் சாவ தனியா எழுதி "துரோகிக்கு தண்டனை"ன்னு தலைப்பு வச்சு கொண்டு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் கேக்குறது இது தான்: மத்த மூணு பேர் என்ன பண்ணாங்க, அதுக்கு உங்க அட்டவணையில ஒரு வரியாவது இருக்கா? பெரும்பாலும் இருக்காது, திரும்பவும் நாலாவது படிக்கு போயி அந்த மூணு பேரையும் சாட்சி பட்டியல்ல தேட வேண்டியது தான்.